மேலாளர் கூப்பிட்டால் வயிறு ஏன் கலங்குகிறது?

ஒரு வாசகர் கேட்கிறார்: 'கொஞ்சம் உள்ளே வாங்க' என்று மேலாளர் சொன்னாலே கை வியர்க்கிறது. சின்ன வயதில் அப்பா கூப்பிட்டாலும் இப்படித்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். ஆனால் உங்கள் மேலாளர் எல்லோரிடமும் எரிந்து விழுபவர் என்றால், பாவம், அப்பாவை விட்டுவிடுங்கள்!

பயம் வந்தால் யாரிடம் ஓடலாம், ஓடினால் என்ன கிடைக்கும் என்பதைக் குழந்தை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுவிட்டுத் தாய் சில நிமிடம் வெளியே போவார். அவர் திரும்பி வரும் அந்தக் கணத்தைத்தான் உற்றுப் பார்த்தார்கள். சில குழந்தைகள் தாவி ஒட்டிக்கொண்டு, அழுகை அடங்கியதும் பொம்மைக்குத் திரும்பின. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில தூக்கச் சொல்லி அழுதன, தூக்கினால் திமிறின.

அலுவலகத்திலும் இந்த மூன்று ரகத்தையும் பார்க்கலாம். சிக்கல் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பவர். 'ஒன்றுமில்லை' என்று ராத்திரி வரை தனியாக மல்லுக்கட்டுபவர். பத்துப் பேரிடம் கேட்டும் சமாதானம் ஆகாதவர். நீங்கள் இரண்டாவது ரகம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அடுத்த முறை கூப்பிட்டதும், 'எதைப் பற்றி சார், ஏதாவது எடுத்து வரட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி பயம் அந்தப் பதிலிலேயே இறங்கிவிடும்.

இன்னொரு வாசகர்: பெற்றோர் பாசமாகத்தான் வளர்த்தார்கள். படிப்பு, முதல் வேலை எல்லாம் அவர்கள் முடிவு. இப்போது 32 வயது, வேலை மாறத் துணிவில்லை.

மனநல மருத்துவர் கார்டன் பார்க்கர் குழுவினர் 1979இல் உருவாக்கிய 25 கேள்விகள் கொண்ட வினாத்தாள், பெற்றோரின் அரவணைப்பையும் கட்டுப்பாட்டையும் தனித்தனியாக அளக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் நிறையவே இருக்கலாம் என்பதால்தான். வேலை உலகின் மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க நான்கு வேண்டும் என்பார் வேலை வழிகாட்டல் ஆய்வாளர் மார்க் சாவிக்காஸ்: வருங்காலம் பற்றிய அக்கறை, முடிவு என் கையில் என்ற பிடிமானம், தேடிப் பார்க்கும் ஆர்வம், முடியும் என்ற நம்பிக்கை. உங்களுக்குக் குறைவது இரண்டாவது. அது பழகப் பழக வரும். சரி, ராஜினாமாவில் தொடங்க வேண்டாம். இந்த மாதம் ஏதாவது ஒரு முடிவை எடுத்துவிட்டு, அப்புறம் வீட்டில் சொல்லுங்கள்.

அடுத்த கடிதம்: குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். எங்கள் நெருக்கம் கெடுமா?

காப்பகத்தாலேயே கெடாது. மாலை அழைத்து வரும்போது முதல் பத்து நிமிடம் போன் பையிலேயே இருக்கட்டும்.

கடைசிக் கடிதம்: என் சிறு வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பாவுக்குக் குடி. 40 வயதில் இனி என்ன மாறும்?

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகத் தேறினார். அவர்களில் பலருக்குப் பாட்டியோ ஆசிரியரோ, பெற்றோர் அல்லாத யாரோ ஒருவர் துணை இருந்தது. 'முதல் வேலையில் என் மேற்பார்வையாளர் திட்டாமல் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அவர் இப்போது எங்கே இருக்கிறார்? நம்பர் இருந்தால் இந்த வாரமே பேசுங்கள்.