வாசனைய யார் வேணா படிக்கலாம்

கேள்வி: சுவர்ல சாரையா போன எறும்பு வரிசைய ஒரு இடத்துல ஈரத்துணியால துடைச்சேன். ரெண்டு பக்கமும் எறும்புங்க அப்படியே தேங்கி நின்னுடுச்சு. விரல் அகலம் தள்ளி இருக்கிற கூட்டாளி கூடவா அதுக்குத் தெரியல?

பதில்: நானும் இத பல தடவ உட்கார்ந்து பார்த்திருக்கேன். துடைச்ச இடத்தோட ஓரத்துக்கு வந்ததும் முதல் எறும்பு நிக்கும், ஆன்டெனாவ தரையில தட்டித் தட்டிப் பார்க்கும், திரும்பும், பின்னாடி வர்ற எறும்போட மோதும், மறுபடி வரும், கடைசியில ஏதோ ஒண்ணு எப்படியோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கொஞ்ச நேரத்துல பாதை ஒட்டிக்கும். சாரையில போற எறும்புக்குப் பாதைங்கிறது பெரும்பாலும் கண்ணால பார்க்கிற விஷயமே இல்ல, இரை கிடைச்ச எறும்பு திரும்பி வரும்போது வயித்துப் பக்கத்துல இருந்து தரையில தடவிட்டு வர்ற கெமிக்கல்தான் அதுக்கு ரோடு. நீங்க துடைச்சது அந்த ரோட்டத்தான். இரை தீர்ந்துபோனா யாரும் புதுசா தடவ மாட்டாங்க, பழசு ஆவியாகி ரோடு தானா மறைஞ்சிடும், யாரும் உத்தரவு போட வேண்டியதில்ல.

எறும்பு வாசனைய எந்த அளவுக்கு நம்பும்னா, செத்த எறும்போட உடம்புல கொஞ்ச நாள்ல ஓலிக் அமிலம் சேரும், அந்த வாசனை வந்தாத்தான் மத்ததுங்க தூக்கிட்டுப் போய் குப்பை மேட்டுல போடும். எறும்புங்கள ஆராய்ஞ்ச அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் வில்சனும் கூட வேலை செஞ்சவங்களும் 1958-ல அந்த மாதிரி கெமிக்கல உயிரோட இருக்கிற எறும்பு மேல தடவி விட்டுப் பார்த்தாங்க. கால உதறி உதறித் திமிர்ற எறும்ப மத்ததுங்க அப்படியே தூக்கிட்டுப் போய் குப்பையில போட்டுச்சு! அது தன்னையே நக்கிச் சுத்தம் பண்ணிட்டு கூட்டுக்குத் திரும்பி வந்தா, வாசனை இன்னும் மிச்சம் இருந்தா மறுபடியும் குப்பைதான்.

கேள்வி: கம்பளிப்பூச்சி கடிச்சா செடி "காப்பாத்துங்க"ன்னு குளவியக் கூப்பிடும்னு படிச்சேன். உண்மையா, கதையா?

பதில்: விஷயம் உண்மை, "கூப்பிடுது"ங்கிற வார்த்தையிலதான் எனக்கு உடன்பாடு இல்ல. மக்காச்சோளச் செடிய கம்பளிப்பூச்சி தின்ன ஆரம்பிச்சா சில மணி நேரத்துல செடி ஒரு தனி வாசனைக் கலவைய வெளிய விடுது, கடிபட்ட இலை மட்டும் இல்ல, கடிபடாத இலைங்களும் விடுது. அத மோப்பம் பிடிச்சுட்டு குட்டியூண்டு குளவி ஒண்ணு வந்து கம்பளிப்பூச்சியோட உடம்புக்குள்ள முட்டை போடும், பொரிச்சு வர்ற புழு உள்ள இருந்தே அதத் தின்னுடும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் என்னன்னா, இலைய பிளேடால கிழிச்சா மட்டும் இந்த வாசனை அந்த அளவுக்கு வராது, கிழிச்ச இடத்துல கம்பளிப்பூச்சியோட எச்சில வச்சாத்தான் வரும். அந்த எச்சில்ல இருக்கிற பொருளத் தனியா பிரிச்சு 1997-ல "வாலிசிட்டின்"னு பேர் வச்சாங்க. அதாவது தன்ன யார் கடிக்கிறாங்கன்னு செடிக்குத் தெரியுது, நரம்பும் மூளையும் இல்லாமலே.

ஆனா வாசனைய விட்டதுக்கு அப்புறம் அது செடியோட கையில இல்ல. காத்துல போயிடுச்சுன்னா யாருக்கு மூக்கு இருக்கோ அவங்களுக்கு அது சேதி. பக்கத்துச் செடி அதப் படிச்சு முன்கூட்டியே கசப்பையும் நஞ்சையும் தயார் பண்ணி வச்சுக்கும், ராத்திரி முட்டை போட வர்ற பெண் அந்துப்பூச்சி "இங்க ஏற்கனவே கூட்டம்"னு வேற செடிக்குப் போயிடும். செடியத் தின்னுறவங்களுக்கும் செடியோட வாசனைதான் வழிகாட்டி. இலையே இல்லாம மஞ்சள் நூல் மாதிரி படர்ற ஒரு ஒட்டுண்ணிக் கொடி இருக்கு, விதையில இருந்து வந்ததும் நுனிய மெதுவா சுத்திச் சுத்தி ஆளத் தேடும், சில நாளைக்குள்ள ஒரு செடியப் பிடிக்கலேன்னா செத்துடும். 2006-ல செஞ்ச சோதனையில அது தக்காளிச் செடி இருக்கிற பக்கம் வளைஞ்சு வளர்ந்துச்சு, செடியே இல்லாம வெறும் தக்காளி வாசனைய மட்டும் வச்சாலும் அங்கதான் போச்சு. தக்காளியும் கோதுமையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா தக்காளி பக்கம்தான் சாயும். அதனாலதான் "கூப்பிடுது"ன்னு சொல்ல எனக்கு மனசு வரல, தக்காளி இந்தக் கொடியக் கூப்பிட்டுச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோமே.

கேள்வி: ஒரு தேனீ கொட்டினா உடனே மத்ததுங்களும் ஏன் பாய்ஞ்சு வருது?

பதில்: கொடுக்கு தோல்லயே தங்கிடும், அதுல இருந்து எச்சரிக்கை வாசனை தொடர்ந்து கசியும், அது கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. கொடுக்க நகத்தாலயாவது சட்டுனு சுரண்டி எடுத்துட்டு அந்த இடத்த விட்டு நகர்ந்து போங்க. தேன் எடுக்கிறவங்க புகை போடுறதும் இந்த வாசனைய மறைக்கத்தான்.

கேள்வி: ஃபெரோமோன்ங்கிறாங்களே, அத யார் கண்டுபிடிச்சாங்க? ஒரு பூச்சியோடது இன்னொண்ணுக்கு வேலை செய்யுமா?

பதில்: ஒரு உயிர் தன் இனத்துக்குச் சேதி சொல்ல வெளிய விடுற கெமிக்கல்தான் ஃபெரோமோன். முதல்ல பிரிச்சு எடுத்தது பட்டுப்பூச்சியோடது. ஜெர்மனியில அடால்ஃப் பூட்டனான்ட்டோட குழு கிட்டத்தட்ட 20 வருஷம் உழைச்சு, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிங்கள வச்சு ஒரு துளி பொருளப் பிரிச்சாங்க, 1959-ல பாம்பிகால்னு அறிவிச்சாங்க. ஃபெரோமோன்ங்கிற வார்த்தையும் அதே வருஷம் வந்ததுதான்.

ரெண்டாவது கேள்விக்கு ஒரு அதிசயம் சொல்றேன். 1996-ல ஆசிய யானைய ஆராய்ஞ்சப்போ, பெண் யானை இணைக்குத் தயாரா இருக்கிறப்போ அதோட சிறுநீர்ல வர்ற பொருள், நூத்துக்கும் மேற்பட்ட பூச்சி இனங்க, பெரும்பாலும் அந்துப்பூச்சிங்க, ஆணை இழுக்கப் பயன்படுத்துற அதே பொருள்னு தெரிஞ்சுது. அதே மூலக்கூறு! ஆண் யானை தும்பிக்கை நுனியால தொட்டு, வாய்க்குள்ள மேல் அண்ணத்துல வச்சு சோதிச்சுப் பார்க்கும். குழப்பம் வராது, ஏன்னா ஒரு அந்துப்பூச்சி விடுற துளியூண்டு அளவு யானைக்கு எட்டாது, அந்துப்பூச்சிக்கோ அந்த ஒரு பொருள் போதாது, கூட வேற பொருளுங்களும் சரியான விகிதத்துல கலந்திருக்கணும்.

கேள்வி: மனுஷங்கள மயக்கும்னு ஃபெரோமோன் சென்ட் விக்கிறாங்க. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மனுஷனுக்கு இந்த வேலையச் செய்யுதுன்னு நிரூபிச்ச பொருள் இதுவரை ஒண்ணு கூட இல்ல. அந்த பாட்டில்ல பல தடவ போடுற ஆன்ட்ரோஸ்டினோன், ஆண் பன்றியோட எச்சில்ல இருக்கிறது, பெண் பன்றிய அசையாம நிக்க வைக்கிறது.

கேள்வி: வாசனையில பொய் சொல்ல முடியுமா?

பதில்: அமெரிக்காவுல ஒரு சிலந்தி இருக்கு, அது வலை பின்னாது. பெண் சிலந்தி ராத்திரி ஒரு இழை நுனியில பசை உருண்டைய வச்சு காலால தொங்கவிட்டுக் காத்திருக்கும், தன் உடம்புல இருந்து பெண் அந்துப்பூச்சியோட வாசனைய விடும், தேடி வர்ற ஆண் மேல உருண்டைய வீசி ஒட்ட வச்சு இழுத்துக்கும். அது பிடிக்கிறதுல முக்கியமா ரெண்டு இனம், ஒண்ணு முன்னிரவுல பறக்கும், இன்னொண்ணு பின்னிரவுல. முதல் இனத்தோட வாசனை கலந்திருந்தா ரெண்டாவது இனத்து ஆண் கிட்ட வராது. அதனால நேரம் ஆக ஆக முதல் வாசனைய மட்டும் அந்தச் சிலந்தி குறைச்சுக்கிட்டே வரும்.