கரண்ட் போய் வந்தால் பிரிண்டரைக் காணவில்லையா?

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டரில் ‘பிரிண்டர் ஒப்லைன்’ என்று வருகிறது. திருத்த வருபவர் ஒவ்வொரு முறையும் 3,000 ரூபா வாங்குகிறார். இப்போது புதிது வாங்கச் சொல்கிறார்.

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரிண்டரில் பழுதில்லை, நெட்வேர்க்கில் அதைக் கண்டுபிடிக்க உதவும் முகவரிதான் (ஐ.பி.) மாறுகிறது. ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொன்றுக்கும் 192.168.1.23 என்பதுபோல ஓர் இலக்கத்தைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. கரண்ட் வந்து ரவுட்டர் மறுபடி எழும்பும்போது 23 யாருடைய போனுக்கோ போய், பிரிண்டருக்கு 27 கிடைக்கலாம். கொம்பியூட்டர் இன்னும் 23ஐத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எனக்கும் இதே கதைதான். பழுது என்று நம்பி, நல்ல பிரிண்டரைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். இரண்டாம் கிழமையே அதுவும் காணாமல்போனது. அந்தக் காசு இன்றும் மனதை உறுத்துகிறது.

பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வேர்க் விபரத் தாளை அச்சிடுங்கள். எழுத்தும் இலக்கமும் கலந்த 12 குறிகளாக மேக் முகவரி, அதாவது பிரிண்டரின் மாறாத அடையாளம், அதில் இருக்கும். வயருக்கு ஒன்று, வைஃபைக்கு வேறொன்று. நீங்கள் பாவிப்பதை எடுங்கள். ரவுட்டரில் இலக்கங்களைப் பகிரும் டி.எச்.சி.பி. பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் அதைப் போட்டு, ஓர் இலக்கத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரிலேயே போடலாம். ஆனால் ரவுட்டர் கடைசி எண்ணாக 100 முதல் 200 வரை பகிர்கிறது என்றால், 50 போல அதற்கு வெளியே உள்ள இலக்கமாக இருக்கட்டும். கடைசியாக, கொம்பியூட்டரிலும் பிரிண்டரின் போர்ட்டை, அதாவது அது பிரிண்டரைத் தேடும் இடத்தை, ஒதுக்கிய அந்த ஐ.பி. முகவரிக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

திருத்துபவர்கள் மீது எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. வருகிறார்கள், பிரிண்டரை அழித்துவிட்டு மறுபடி சேர்க்கிறார்கள், காசோடு போகிறார்கள். காரணத்தைச் சொல்வதில்லை. ரவுட்டரின் பாஸ்வேர்டைக்கூடச் சிலர் மாற்றிவிட்டுச் சொல்லாமல் போகிறார்கள். உங்கள் கடை, உங்கள் ரவுட்டர். முகவரியையும் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள். முகவரியைப் பிரிண்டரின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் மலிவாக ஒரு பிரிண்டர் வாங்கினேன். பில் எடுக்கவில்லை. வீட்டில் பார்த்தால் வைஃபை இல்லை, யூ.எஸ்.பி. மட்டும்தான். ஐ.பி. போடுவது எப்படி?

பதில்: போட முடியாது. நெட்வேர்க்கில் இணையாத பிரிண்டருக்கு முகவரியே கிடையாது. கொம்பியூட்டரில் செருகி, அங்கிருந்து மற்றவர்களுக்குப் பகிருங்கள். பெட்டியின் மேலேயே எழுதியிருப்பதை வாசிக்காமல், பில்லும் கேட்காமல் வாங்கிவிட்டு என்னிடம் வருகிறீர்கள். இதே கடிதம் எத்தனை தடவை!

கேள்வி: கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. பிரிண்டருக்கு நிரந்தர ஐ.பி.யை இன்டர்நெட் கம்பனியிடமிருந்துதான் எடுக்க வேண்டும், மாதாமாதம் கட்ட வேண்டும் என்று சொல்லி ஒருவர் 12,000 ரூபா முற்பணம் வாங்கினார்.

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. கம்பனிகள் விற்பது வெளியுலகிலிருந்து வீட்டை அடையும் முகவரி. வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டருக்கு அது தேவையே இல்லை. 192.168 என்று தொடங்குபவை யாரும் தன் வீட்டுக்குள் இலவசமாகப் பாவிக்கலாம். காசு கொடுத்ததற்கான ரசீதோ, வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள். முதலில் அவரிடமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், இந்தக் கிழமையே எழுதுங்கள்.

கேள்வி: ஞாபகம் வைக்கச் சுலபம் என்று பிரிண்டருக்கு 192.168.1.1 போடலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலும் அது ரவுட்டரின் சொந்த இலக்கம். போட்டால் வீட்டில் இன்டர்நெட்டே குழம்பும்.

கேள்வி: போன வருடம் முகவரி ஒதுக்கி வைத்தேன். புது ரவுட்டர் மாற்றியதும் மறுபடி ஒப்லைன்.

பதில்: ஒதுக்கியது பழைய ரவுட்டரில் இருந்தது. புதியதிலும் அதே மேக் முகவரியைப் போடுங்கள். புதியது 192.168.0 என்று தொடங்கினால் கொம்பியூட்டரில் உள்ள போர்ட்டையும் மாற்ற வேண்டும்.