காஃப்காவின் ‘விசாரணை’யைச் சிலர் கொண்டாடுவதும் சிலர் பாதியில் மூடிவைப்பதும் ஏன்?

பிராகாவில் வாழ்ந்து ஜெர்மனில் எழுதிய ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’யைத் தலைசிறந்த நாவல் என்று பலரும் சொன்னதை நம்பி வாங்கியதாகவும், பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை என்றும், குறை நூலிலா தங்களிடமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞரும் ஓவியரும் வரும் அந்த நீண்ட அத்தியாயத்தில்தான் நீங்கள் நின்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பலரும் அங்கேதான் நிற்கிறார்கள். நான் இலக்கியப் பேராசிரியன் அல்லன். ஜெர்மன் அறியேன். ஏ.வி. தனுஷ்கோடியின் தமிழில் படித்தவன். ஆனால் பணிக்காலம் முழுவதையும் உரிமையியல் நீதிமன்றங்களில், முதலில் நகல் பிரிவிலும் பின்னர் பெஞ்சு கிளார்க்காகவும் கழித்தவன் என்பதால், இந்த நாவலைப் பற்றிய பேச்சு எழும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்று தெரிந்த மறுகணமே, “அப்படியானால் காஃப்கா உங்கள் அலுவலகத்தைத்தான் எழுதியிருக்கிறார்” என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்ப அட்டை தாமதமானால் காஃப்கா, வங்கியில் வரிசை நீண்டால் காஃப்கா என்று அந்தப் பெயர் எல்லாக் கதவிலும் ஒட்டப்படும் சுவரொட்டியாகிவிட்டது. ஓய்வுபெற்ற ஊழியன் பழைய துறைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாய்தாக்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதை உங்களைவிட நான் அருகிலிருந்து பார்த்தவன், அதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இந்த நாவல் அதைப் பற்றியது அல்ல என்பதே என் வாதம். கருத்து வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. இதை நீதிமன்றத்தைப் பற்றிய நூலாக எடுத்துக்கொள்பவர் ஏமாறுகிறார். குற்றம் என்னவென்றே சொல்லப்படாமல் ஒரு காலையில் கைது செய்யப்படும் வங்கி அதிகாரி யோசெஃப் க. என்ற மனிதரைப் பற்றிய நூலாகப் படிப்பவருக்கு அது நகரத் தொடங்குகிறது.

நூலிலேயே இதற்குச் சான்று உண்டு. முப்பதாவது பிறந்தநாள் காலையில் காவலர்கள் அறைக்குள் வந்து நிற்கும்போது, தான் சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் வாழ்வதாகவும் எங்கும் அமைதி நிலவுவதாகவும் க. நினைத்துக்கொள்கிறார். சற்று நேரத்தில், அரசு வழக்கறிஞர் ஹாஸ்டெரர் தன் நண்பர் என்றும் அவருக்குத் தொலைபேசியில் பேசலாமா என்றும் கேட்கிறார். தாராளமாகப் பேசலாம், ஆனால் அதில் என்ன பொருள் இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறார் காவலர்களின் மேலதிகாரி. க. கோபப்பட்டு, பேசப் போவதில்லை என்று விட்டுவிடுகிறார். ஆக, அந்த ஊரில் சட்டப்படியான நீதிமன்றங்களும் அரசு வழக்கறிஞர்களும் வழக்கம்போல் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். க.வை விசாரிக்கும், மாடிப் பரண்களில் மூச்சுமுட்டும் காற்றோடு இயங்கும் இந்த மன்றம் வேறொன்று. 1906இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதன்பின் ஓராண்டு பிராகாவின் நீதிமன்றங்களில் பயிற்சி பெற்ற காஃப்காவுக்கு நடைமுறைச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இந்த நாவலை எடுத்துப் பேசிய மாலையில் இந்த வேறுபாடு முழுமையாக வெளிப்பட்டது. முதலில் எழுந்த வழக்கறிஞர் ஒருவர், குற்றச்சாட்டே சொல்லப்படாத வழக்கில் வாசகன் எதைப் பின்தொடர்வது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்று சொல்கிறார்கள், நேரம் குறிப்பிடவில்லை, க. தானாகவே ஒன்பது மணி என்று வைத்துக்கொள்கிறார், போய்ச் சேர்ந்தபின் ஒரு மணி ஐந்து நிமிடம் தாமதம் என்று கண்டிக்கப்படுகிறார். இப்படி எந்த விதிக்கும் கட்டுப்படாத உலகில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால், எது நடந்தாலும் பொருளில்லை என்பது அவர் கட்சி. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர், முதல் ஐம்பது பக்கங்களில் தெரிந்துகொண்டதற்கு மேல் கடைசிவரை எதுவும் தெரியவரவில்லை என்றார். இரண்டுமே நியாயமான குறைகள். இவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது.

அதன்பின் பேசியவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் இளம்பெண். படிக்கும்போது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்ததாக அவர் சொன்னதும் அவையில் ஒரு சலசலப்பு. எந்தக் குற்றம் என்றே தெரியாத க., அதனாலேயே தன் வாழ்க்கையின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் விவரித்து விளக்கம் தரும் மனு ஒன்றை எழுத வேண்டும் என்று வங்கியின் மேசையில் உட்கார்ந்து திட்டமிடும் பகுதியை அவர் எடுத்துக்காட்டினார். அவர் மேசைக்கு அப்படிப்பட்ட கடிதங்கள் வருமாம். கேட்கப்பட்டது ஒரு ரசீது. வந்து சேர்வது ஒரு தன்வரலாறு. காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகாவின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பதையும், முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்குப் படித்துக்காட்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் அவ்வப்போது நிறுத்தினார் என்று அவருடைய நண்பர் மாக்ஸ் ப்ராட் எழுதியிருப்பதையும் நான் சொன்னேன். வழக்கறிஞர் நம்பவில்லை. ஆசிரியர் சிரித்தார் என்பதற்காக வாசகனும் சிரிக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்றார்.

என் முறை வந்தபோது நாவலில் க.வின் வழக்கறிஞரிடமே வழக்கை ஒப்படைத்திருக்கும் வணிகர் ப்ளோக்கை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்தாண்டுகளுக்கு மேலாக வழக்கு நடத்தும் அவர், தன் வழக்கறிஞருக்குத் தெரியாமல் வேறு ஐந்து வழக்கறிஞர்களை வைத்திருக்கிறார். தொழிலைச் சுருக்கிச் சுருக்கி ஒரு சிறு அறைக்குள் அடக்கிவிட்டார். வழக்கறிஞர் எப்போது கூப்பிடுவாரோ என்று அந்த வழக்கறிஞரின் வீட்டிலேயே படுத்துக்கிடக்கிறார். இத்தனைக்குப் பிறகு, அவருடைய விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை என்று ஒரு நீதிபதி சொன்னதாக அவரிடம் சொல்லப்படுகிறது. காத்திருப்போர் வரிசையில் ஒருவருடைய உதட்டைப் பார்த்தே தீர்ப்பைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை உலவுவதையும் அவர்தான் க.விடம் சொல்கிறார்.

இது மிகை என்பவர்களுக்காக அன்று ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னேன். பெயரும் ஊரும் வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கொன்றில் பிரதிவாதி அவர். தம் வழக்கு பட்டியலில் இல்லாத நாட்களிலும் காலையிலேயே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். டவாலியைக்கூட எழுந்து நின்று வணங்குவார். இடைவேளையில் என்னிடம் வந்து, “ஐயா, இன்னைக்கு நீதிபதி முகம் எப்படி இருக்குங்க?” என்று கேட்பார். அவர் வழக்கு அன்று அழைக்கப்படாது என்று நானே பலமுறை சொல்லியும் பயனில்லை. மளிகைக்கடை மருமகன் கைக்குப் போயிற்று. வழக்கின் எல்லா வாய்தாத் தேதிகளையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். பேரப்பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் யோசிப்பார். வழக்கு அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. மேல்முறையீட்டுக் காலமும் கடந்து தீர்ப்பாணை இறுதியாயிற்று. அதன்பிறகும் வாரத்தில் சில நாட்கள் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. நாவலில் தேவாலயத்தில் வரும் பாதிரியார், மன்றம் உன்னிடம் எதையும் வேண்டுவதில்லை, வந்தால் ஏற்றுக்கொள்ளும், போனால் விட்டுவிடும் என்ற பொருளில் க.விடம் சொல்லுமிடத்தைப் படித்தபோது நான் அவரைத்தான் நினைத்தேன். எங்கள் நீதிமன்றம் கொடுமையானது என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. தாமதம் அவர் வாழ்க்கையை அரித்தது உண்மைதான், ஆனால் தீர்ப்புக்குப் பின்னும் அவரை வரவழைத்தது தாமதம் அல்லவே. காஃப்கா பிடித்திருப்பது அந்த இழுப்பை.

இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால், க. வெறும் அப்பாவி அல்லர் என்பதும் தெரியும். கைது செய்ய வந்த காவலர்களைப் பற்றி அவர் மன்றத்தில் புகார் செய்ததன் விளைவாக, வங்கியின் பழம்பொருள் அறையில் அவர்கள் சவுக்கடி வாங்குகிறார்கள். காசு கொடுத்துத் தடுக்கப் பார்க்கிறார் க.; ஒருவன் அலறியதும், வங்கி ஊழியர்கள் வந்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திவிட்டு, நாய் குரைத்தது என்கிறார். மறுநாள் திறந்தால் அதே காட்சி அப்படியே நிற்கிறது. இதை அதிகாரவர்க்கத்தின் கொடுமை என்று மட்டும் படித்தால் ஒரு வரியில் முடிந்துவிடும். கதவைச் சாத்திய கை யாருடையது என்று பார்ப்பவருக்கு முடிவதில்லை.

நூலின் உருவமும் வேறுபாட்டை வளர்க்கிறது. காஃப்கா 1914 ஆகஸ்டில் தொடங்கி 1915 ஜனவரியில் கைவிட்ட எழுத்து இது. முதல் அத்தியாயத்தையும் க. கொல்லப்படும் இறுதி அத்தியாயத்தையும் தொடக்கத்திலேயே எழுதிவிட்டு இடைப்பகுதிகளைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார். எரித்துவிடச் சொல்லியும் கேளாத ப்ராட், அவற்றைத் தம் கணிப்பின்படி வரிசைப்படுத்தி, காஃப்கா இறந்த மறு ஆண்டான 1925இல் வெளியிட்டார். முடிவுறாத பகுதிகள் அந்த முதல் பதிப்பில் இல்லை. ஹாஸ்டெரரைப் பற்றிய பகுதியும் அவற்றுள் ஒன்று. கையெழுத்துப்படியைப் படியெடுத்து 1997இல் வந்த ஜெர்மன் பதிப்பு, அத்தியாயங்களைப் 16 தனிக் குறிப்பேடுகளாகப் பெட்டிக்குள் வைத்து, வரிசையை வாசகரிடமே விட்டுவிட்டது. ஆகவே நடுப்பகுதி நகரவில்லை என்ற உங்கள் குறையில் உண்மை இருக்கிறது. அந்த நடுப்பகுதியை ஆசிரியர் முடித்துத் தரவில்லை.

பெரிய எழுத்தாளர்களும் விமர்சகர்களும்கூட இந்த விஷயத்தில் ஒத்துப்போனதில்லை. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1947இல் காஃப்காவைப் பெருங்கலைஞராக ஏற்க மறுத்து ஒரு கட்டுரையே எழுதினார். கம்யூனிச ஆட்சியில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த காஃப்காவைத் திரும்பப் பேசுவதற்கு, பிராகா அருகே லிப்லிட்சேயில் 1963இல் ஒரு மாநாடே கூட வேண்டியிருந்தது. ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்ட பிரீமோ லெவி இந்த நாவலை 1983இல் இத்தாலியத்தில் மொழிபெயர்த்து முடித்தபோது, நோயிலிருந்து எழுந்ததுபோல் உணர்ந்ததாக எழுதினார். அவர் இந்நூலை மதித்தார், ஆனால் அதோடு ஒட்டவில்லை. பிடிக்கவில்லை என்பதைப் புரியவில்லை என்று மாற்றிச் சொல்பவர்கள் லெவியை நினைத்துக்கொள்வது நல்லது.

மீண்டும் முயல்வதாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். தேவாலய அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள். அதில் பாதிரியார் சொல்லும், சட்டத்தின் வாசலில் உள்ளே போகக் காத்திருக்கும் ஒருவனைப் பற்றிய வாயிற்காப்போன் கதையைக் காஃப்காவே 1915இல் தனியாக அச்சில் வெளியிட்டிருக்கிறார். பிறகு ப்ளோக் வரும் பகுதி, பிறகு முதல் அத்தியாயம். அப்போதும் ஒட்டவில்லை என்றால் நூலை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

நான் ஒத்துக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. அதை அன்று எழுப்பியவரும் சிரித்த அந்தப் பெண்தான். துணி துவைப்பவள், வழக்கறிஞர் வீட்டுப் பணிப்பெண் லேனி என்று வருகிற பெண்களில் பலரும் க.வைப் பார்த்தவுடன் அவர்மேல் ஏன் சாய்கிறார்கள் என்று கேட்டார். பெண்களின் உதவியை நீ அளவுக்கு மீறி நாடுகிறாய் என்று பாதிரியாரே க.வைக் கண்டிக்கிறாரே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது க.வுக்குப் பொருந்தும் பதில், அந்தப் பெண்களுக்குப் பொருந்துவதல்ல என்றார் அவர். வழக்கறிஞர் அன்று முழுவதும் தலையசைத்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.