மருத்துவர் பதில்: சுற்றுலா போனால் சர்க்கரை ஏறிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 51. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும். தினமும் முக்கால் மணி நேரம் நடந்து, ராத்திரிச் சோற்றை நிறுத்தி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) 8.6-லிருந்து 6.9-க்குக் கொண்டுவந்திருக்கிறேன். மே மாதம் குடும்பத்தோடு மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என எட்டு நாள் வேனில் போகிறோம். போன வருடம் இப்படிப் போய் வந்ததில் 3 கிலோ ஏறியது. விட்டுப்போன நடையை மறுபடி ஆரம்பிக்க இரண்டு மாதம் ஆனது. பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா? - வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம், போய் வாருங்கள். இவ்வளவு கட்டுப்பாட்டோடு இருப்பதே இப்படி நாலு இடம் போய்வரத்தானே.

முதலில் அந்த 3 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் 7,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட வேண்டும். எட்டு நாளில் 3 கிலோ கொழுப்பு சேர்வது கடினம். ஹோட்டல் சாப்பாட்டில் உப்பு கூடுதல், அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து அதிகமானால் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரோடுதான் தங்கும். ஆக, ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உங்களுக்கு நிஜமாக நஷ்டம் செய்தது அந்த எட்டு நாள் இல்லை, அதற்குப் பிறகு நடக்காமல் இருந்த இரண்டு மாதம்.

அதனால் வீட்டு அட்டவணையை அப்படியே வேனில் ஏற்ற முயல வேண்டாம். முக்கால் மணி நேரம் முடியவில்லை என்று முழுசாக விட்டுவிடவும் வேண்டாம். நடந்தால் தசை சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு எழுந்ததும் வேனில் ஏறாமல் பத்து நிமிடம் நடங்கள். மற்றவர்கள் கைகழுவி, பில் கட்டி, குழந்தைகளைக் கூட்டிவர அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். ராமேஸ்வரத்தில் வெளிப்பிரகாரத்தை ஒருமுறை சுற்றினாலே ஏறக்குறைய 600 மீட்டர், அதுவும் நிழலில். இரண்டு சுற்று போதும்.

நடை என்றதும் கால் நினைவுக்கு வருகிறது. மே மாத மதியத்தில் கோயில் கல்தரை கொதிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது. கொப்புளத்தை அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்ப்பார்கள். அப்படித் தொடங்கிய புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தரிசனத்தைக் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைவிட எனக்குக் கவலை உங்கள் காலை மாத்திரை. சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடைப் போட்டுவிட்டு, "அடுத்த ஊரில் நல்ல ஹோட்டல் இருக்கு" என்று ஒன்றரை மணி நேரம் வண்டி ஓடினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அறையில் போடாதீர்கள். இட்லி மேசைக்கு வந்த பிறகு போடுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும், அது அப்புறம். சர்க்கரையை ஒரு பொட்டலமாக மடியிலேயே வைத்திருங்கள். வேன் மேலே கட்டிய பெட்டியில் இருந்து பயனில்லை. அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் மருத்துவரைக் கேட்டு மட்டுமே.

சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஒரு ஆசை. மதுரையில் ஜிகர்தண்டா என்றால் அன்றைக்கு அது மட்டும், அதுவும் பேத்தியோடு பங்கு போட்டு. மீதி வேளைகளில் பொரியல், கூட்டு, சுண்டலை முதலில் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறையும். "ஒரு நாளைக்கு என்ன ஆகப் போகுது" என்று சொந்தக்காரர்கள் ஊட்டுவார்கள். ஒரு வாய் வாங்கிக்கொண்டு தட்டை நகர்த்திவிடுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் தட்டு நிறையும். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதை மாஸ்டர் கலப்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

வாங்கும் அல்வாவை வழியிலேயே பங்கு பிரித்துவிடுங்கள், அது உங்கள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டாம். வந்த மறுநாள் காலை பதினைந்து நிமிடமாவது நடங்கள், முக்கால் மணி நேரம் தானாக வரும். எடையை ஒரு வாரம் பார்க்காதீர்கள். அப்புறம் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்று போதும். மூன்று மாதச் சோதனையை வழக்கமான தேதியிலேயே எடுங்கள்.