நீங்கள் அணைத்த பிறகு வந்தவன்

கேள்வி: நண்பர் கொடுத்த டிவிடியில் ‘லா ஃபீய் மால் கார்தே’ என்ற நகைச்சுவை பாலேயை வீட்டில் பார்த்தேன். லண்டனில் 2005-ல் பதிவானதாம். சேவலும் கோழிகளும் ஆடுகின்றன. அம்மா வேடத்தில் ஓர் ஆண் மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு தரையைத் தட்டுகிறார். ஆட்டம் இல்லாமல் சைகை மட்டும் வந்த இடங்களை ஓட்டிவிட்டேன். காதலர்கள் சேர்ந்ததும் அணைத்துவிட்டேன். ‘ஸ்வான் லேக்’ பாலேயில் அன்னப்பறவைகளின் சோகத்தைப் பார்த்து உருகிய எனக்கு இது குழந்தை விளையாட்டாகத் தெரிகிறது. இதைப் போய் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, நீங்கள் அந்த பாலேயை இன்னும் பார்க்கவில்லை. சைகையை ஓட்டிவிட்டீர்கள், முடிவுக்கு முன்னால் அணைத்துவிட்டீர்கள். மிச்சம் இருந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த படைப்பு இது. அதனால்தான் இந்தக் கேள்வியை இரண்டு வரியில் முடித்துவிட மனம் வரவில்லை.

ஓட்டிவிட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இரண்டாம் அங்கத்தில், மகள் லீஸை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அம்மா வெளியே போகிறாள். லீஸ் தனியாக இருக்கிறாள். காதலன் கோலாவைக் கல்யாணம் செய்துகொண்டால் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் வாழ்ந்து பார்க்கிறாள். கல்யாண உடை, வயிற்றில் பிள்ளை, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தைகள். ஒன்றைக் கண்டிக்கிறாள், ஒன்றைத் தாலாட்டுகிறாள். எல்லாம் கையாலும் கண்ணாலும்தான். அந்த நேரம் பார்த்து, அறுவடைக்காரர்கள் கொண்டுவந்து குவித்த கதிர்க்கட்டுகளுக்குள்ளிருந்து கோலா எழுந்து நிற்கிறான். அவ்வளவையும் அவன் பார்த்துவிட்டான்! அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? இளம்பெண்ணின் ஆசையையும் வெட்கத்தையும் சில நிமிடங்களில் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்சியை நான் வேறெந்த பாலேயிலும் பார்த்ததில்லை.

இந்தக் காட்சியின் அபிநயத்தை நடன அமைப்பாளர் ஃப்ரெடரிக் ஆஷ்டனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நடனமணி தமாரா கர்சாவினா. ரஷ்யாவில் லீஸாகவே ஆடியவர், பின்னாளில் லண்டனில் குடியேறியவர். ஒரு பாட்டி பேத்திக்குச் சொல்வதுபோல, உடம்பிலிருந்து உடம்புக்குக் கைமாறி வந்த சொத்து அது. பரதநாட்டியத்தில் ஒரு பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது, ‘கால் அசையவில்லையே’ என்று நீங்கள் எழுந்து போவீர்களா? மாட்டீர்கள். இங்கே மட்டும் ஏன் போனீர்கள்?

அடுத்து, குழந்தை விளையாட்டு என்ற சொல். இந்தக் கதையை நடன அமைப்பாளர் ஜான் தொபெர்வால் முதன்முதலில் மேடையேற்றியது 1789 ஜூலை 1-ஆம் தேதி, பிரான்ஸில் போர்தோ நகரத்தில். பதின்மூன்று நாள் கழித்துப் பாரிஸில் பஸ்தீல் சிறை வீழ்ந்தது, பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தேவர்களும் ராஜகுமாரர்களும் உலவிப் பழகிய பாலே மேடையில் ஒரு கிராமத்து விதவை, அவள் மகள், ஓர் இளம் விவசாயி, பணக்காரத் திராட்சைத் தோட்டக்காரரின் அசட்டுப் பிள்ளை என்று சாதாரண ஜனங்கள் வந்து நின்றார்கள். ‘சரியாகக் காவல் காக்காத பெண்’ என்பது தலைப்பின் பொருள். நீங்கள் பார்த்தது ஆஷ்டன் 1960 ஜனவரி 28 அன்று ராயல் பாலே குழுவுக்காகப் புதிதாக அமைத்தது. 1828-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரோல்ட் எழுதிய இசையை ஜான் லான்ச்பெரி அதற்காக மாற்றி அமைத்தார்.

(ஆஷ்டனை நடனத்துக்கு இழுத்தது, 1917-ல் பெரு நாட்டின் லிமா நகரில் சிறுவனாக அவர் பார்த்த ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டம். நம் ருக்மிணி தேவியை நடனத்தின் பக்கம் திருப்பியவரும் அதே பாவ்லோவாதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.)

சோகத்தில் ஒரு நடனமணி சற்றுத் தடுமாறினாலும் அதைத் துயரத்தின் நடுக்கம் என்று நாம் எடுத்துக்கொள்வோம். சிரிப்பில் அந்தச் சலுகை கிடையாது. நேரம் ஒரு கணம் தவறினால் சிரிப்பு செத்துப்போகும். முதல் அங்கத்தில் எட்டுத் தோழிகள் ரிப்பன்களைப் பிடித்துச் சுற்றி வர, நடுவில் லீஸ் ஒற்றைக் கால் விரல் நுனியில் நிற்கிறாளே, பார்த்தீர்களா? அந்த ரிப்பன்களைத் தவிர அவளுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. உங்கள் பதிவில் அதைச் செய்தவர் மரியானெலா நூன்யெஸ். முகத்தில் புன்னகை மாறாமல் செய்தார். அதனால்தான் உங்களுக்கு விளையாட்டாகத் தெரிந்தது.

அம்மா சிமோனாக ஆண் ஆடுவது ஆஷ்டனுக்கு முன்பிருந்தே வரும் வழக்கம். நம் நாடகக் கம்பெனி ஸ்திரீபார்ட்டில், அதாவது ஆண் போடும் பெண் வேடத்தில், ஆடுபவர் ஆண் என்பது மறந்துபோக வேண்டும். ஆங்கிலேயரின் வேடிக்கை நாடகத்துக் கிழவி வேடத்தில் அது மறக்கவே கூடாது. இரண்டும் இரு வேறு கலைகள். நீங்கள் ‘தட்டுகிறார்’ என்று எழுதிய அந்த மரச்செருப்பு ஆட்டம், இங்கிலாந்தின் லங்காஷயர் தொழிலாளிகள் ஆடி வளர்த்த ஆட்டம். அதை லண்டன் ராயல் ஒபெரா ஹவுஸ் மேடைக்குக் கொண்டுவந்ததை நான் மரியாதை என்றுதான் சொல்வேன். ஊரெல்லாம் அதட்டும் அந்த அம்மாள் செருப்பைக் கண்டதும் ஆசையை அடக்க முடியாமல் நெளிகிறாள். அந்தக் கணத்திலிருந்து அவள்மேல் நமக்குக் கோபமே வருவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, வீட்டில் பார்ப்பதன் சிக்கலையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அரங்கத்தில் உங்கள் கண் போகும் இடத்தை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். பதிவில் அதைக் கேமரா தீர்மானிக்கிறது. நகைச்சுவைக்கு இது பெரிய ஆபத்து. அம்மா நாற்காலியில் தூங்கிவிழ, கதவின் மேல்பாதி வழியாகக் கோலா எட்டிப் பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு காதலர்களிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. அவர்களுக்கு நடுவே இருக்கும் அந்த நாலடி தூரத்தில் இருக்கிறது. கேமரா காதலர் முகத்தை நெருங்கினால் அம்மா காணாமல் போவாள், பயமும் போய்விடும். பக்கத்து இருக்கைக்காரரின் சிரிப்பும் வீட்டில் கிடைக்காது.

ஆனால் பதிவு தருவதையும் பாருங்கள். 1960-ல் முதன்முதலில் லீஸாகவும் கோலாவாகவும் ஆடிய நாடியா நெரினாவையும் டேவிட் பிளேரையும் பிபிசி 1962-ல் படம்பிடித்து வைத்தது. அதனால்தான் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதை இன்றும் பார்க்க முடிகிறது. நீங்கள் ஓட்டிவிட்ட அபிநயக் காட்சியில் லீஸின் கண்ணை, லண்டனில் மேல்மாடிக் கடைசி வரிசையில் டிக்கெட் வாங்கியவர் பார்த்திருக்க முடியாது. உங்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையில் ரிமோட் இருப்பது நல்லதுதான். முன்னால் ஓட்டாதீர்கள், பின்னால் ஓட்டுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டில் இன்னும் இரண்டு பேரைக் கூட உட்காரவைத்துப் பாருங்கள்.

கடைசிவரை பாருங்கள். லீஸுக்காகப் பேசி முடித்த அந்த அசட்டு மாப்பிள்ளை அலானை நினைவிருக்கிறதா? எங்கே போனாலும் ஒரு சிவப்புக் குடையைக் கையில் வைத்திருப்பானே, புயல் வந்தபோது அந்தக் குடையே அவனைத் தூக்கிக்கொண்டு போனதே! கல்யாணம் கலைந்து, அப்பாவோடு அவமானப்பட்டு வெளியேறுகிறான். எல்லாரும் காதலர்களைக் கொண்டாடிக்கொண்டே போய்விடுகிறார்கள். வீடு காலியாகிறது. நீங்கள் அணைத்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அலான் ஓசைப்படாமல் திரும்பி வருகிறான். தன் குடையைத் தேடுகிறான். கிடைத்ததும் பெண்ணே கிடைத்ததுபோல அதை அணைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு போகிறான்.