குறையுள்ள தலைவருக்கு ஓட்டுப் போடலாமா?

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்கும் ஒரு வேட்பாளரின் பேச்சைக் கேட்டால், என் மனசில் இருப்பதை யாரோ மேடையேறிச் சொல்வது போல இருக்கிறது. வாடகை, மருத்துவச் செலவு, கூலி என்றுதான் பேசுகிறார். மற்ற யாரும் இதையெல்லாம் வாயிலேயே எடுப்பதில்லை. ஆனால் கட்சிக்கு வந்த நன்கொடைக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று அவர் மேல் வழக்கு நடக்கிறது. எதிர்த்து நிற்கும் பெண்மணியை ஒரு கூட்டத்தில் தரக்குறைவாகப் பேசிவிட்டார். நிருபர்கள் குறுக்குக் கேள்வி கேட்டால், 'நீங்களெல்லாம் விலைபோனவர்கள்' என்று சீறுகிறார். அந்தப் பெண்மணி படித்தவர், மரியாதையானவர்; ஆனால் இரண்டு முறை பதவியில் இருந்தும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? நான் ஓட்டே போடப் போவதில்லை' என்கிறார் என் கணவர். கல்லூரியில் படிக்கும் மகளோ, 'அந்த ஆளுக்குப் போட்டால் உன்னோடு பேசமாட்டேன்' என்கிறாள். தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், அவருக்கு ஓட்டுப் போடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் போடாதீர்கள், அவர் என்னதான் வாக்குக் கொடுத்தாலும். அந்த இரண்டும் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப்பட்ட தலைவர்களை ஆதரிப்பவர்களை 'ஏமாளிகள்', 'உணர்ச்சிவசப்படுகிறவர்கள்' என்று பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இரண்டு முறை பதவியில் இருந்தவர் உங்கள் பக்கம் வரவில்லை. உங்கள் கஷ்டத்தைப் பேச ஒருவர் வருகிறார். காது அந்தப் பக்கம் போகத்தானே செய்யும்? 1892-ல் அமெரிக்காவில் மக்கள் கட்சி என்று ஒன்று தேர்தலில் நின்றது. கடனிலும் ரயில் சரக்குக் கட்டணத்திலும் நசுங்கிக்கொண்டிருந்த விவசாயிகளின் கட்சி. இரண்டு பெரிய கட்சிகளும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களின் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியும் தோற்றுப்போனார். ஆனால் அவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள், வருமான வரியும் செனட் என்ற மேலவையின் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், 1913-ல் அரசியல் சட்டத் திருத்தங்களாகவே வந்துவிட்டன. அந்த ஓட்டுகள் வீணாகவில்லை. ஆகவே, 'இப்படிப்பட்ட ஆளை ஆதரிக்கிறாயே' என்று யாராவது முகம் சுளித்தால் கூனிக்குறுக வேண்டாம்.

சரி, குறைகளுக்கு வருவோம். குறையே இல்லாத வேட்பாளருக்காகக் காத்திருந்தால் ஆயுசு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் எல்லாக் குறையையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. சில குறைகளைத் தண்டிக்க வழி இருக்கிறது: நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, அடுத்த தேர்தல் இருக்கிறது. வேறு சில குறைகள் அந்த வழிகளையே அடைத்துவிடும். நான் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். இவரை நாளைக்கு வேண்டாம் என்று நினைத்தால் இறக்கிவிட முடியுமா? முடியும் என்றால் கெட்ட கோபம், வாய்த்துடுக்கு, ஏன், கணக்கில் கோளாறு இருந்தால்கூட யோசித்துப் பார்க்கலாம். முடியாது என்றால் அவர் தேனாறும் பாலாறும் ஓட வைத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஹூயி லாங் என்ற மனிதரின் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வகைக் குறையும் அந்த ஒரே ஆளிடம் இருந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1928-ல் கவர்னர் ஆனார்; அங்கே அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் முதலமைச்சர் மாதிரி. அதுவரை அங்கே ஏழைகள் ஒரு பொருட்டே இல்லை. இவர் வந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்தார். சேற்றில் வண்டி மாட்டிக்கொள்ளும் ஊர்களுக்குச் சாலையும் பாலமும் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி திறந்தார். ஓட்டுப் போடுவதற்கு ஏழைகள் கட்ட வேண்டியிருந்த வரி 1934-ல் ஒழிந்ததும் இவர் முயற்சியால்தான். இதெல்லாம் நிஜமான நன்மை, யாரும் மறுக்க முடியாது.

அதே மனிதர் அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைத் தன் கட்சி வேலைக்கென்று பிடித்தம் செய்தார். 1929-ல் அவரைப் பதவி நீக்க விசாரணை வந்தபோது, சாட்சியம் எதுவானாலும் தண்டிக்கமாட்டோம் என்று அந்த மாநில மேலவையின் 15 செனட்டர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தண்டிக்கத் தேவையான ஓட்டு இனிக் கிடைக்காது என்பதால் விசாரணை அங்கேயே நின்றது. 1934-ல் பெரிய பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்கு 2 சதவீத வரி போட வைத்தார். அடி விழுந்தது பெரும்பாலும் அவரை எதிர்த்து எழுதிய பத்திரிகைகள் மேல்தான். அந்த வரி செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1936-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே லாங் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். சம்பளப் பிடித்தமும் மோசம்தான், ஆனால் அதைவிட எனக்குப் பயம் தருவது அந்தப் பத்திரிகை வரி. பிடித்தம் நடப்பதை வெளியே சொல்ல ஒரு பத்திரிகை வேண்டும். அதன் கழுத்தில் கை வைத்த பிறகு எந்தத் தவறு நமக்குத் தெரியவரும்?

இந்த வழியில் கடைசி வரைக்கும் போனவர் தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் ஃபுஜிமோரி. 1990 அதிபர் தேர்தலில், மேல்தட்டு வேட்பாளருக்கு எதிராக, சாதாரண மக்களின் ஆளாக வந்து ஜெயித்தார். 1992 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், நீதிமன்றங்களையும் கையில் எடுத்துக்கொண்டார். அப்போது பெரும்பாலான மக்கள் கைதட்டினார்கள். விலைவாசியாலும் பயங்கரவாதத்தாலும் அவ்வளவு நொந்துபோயிருந்தார்கள். அவருடைய உளவுத் தலைவர் ஒரு எம்.பி.க்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுக்கும் வீடியோ வெளியே வந்து ஃபுஜிமோரி பதவியிலிருந்து விழுவதற்கு 2000-ம் ஆண்டு ஆகிவிட்டது. 2009-ல் ஃபுஜிமோரிக்கு மனித உரிமைக் குற்றங்களுக்காக 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கைதட்டிய மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தடுத்திருக்க வேண்டிய நேரம் அந்த ஏப்ரல் மாதம்தான்.

இனி உங்கள் வேட்பாளர். வழக்கு நடக்கிறது என்பதாலேயே அவரைத் தள்ளிவிட வேண்டாம். எதிராளியை முடக்குவதற்காகப் போடப்படும் வழக்குகளும் உண்டு. முதல் கேள்வி, அவர் அந்த வழக்கை எப்படி எதிர்கொள்கிறார் என்பது. வாய்தாவுக்கு ஒழுங்காகப் போகிறாரா? கணக்கைக் காட்டுகிறாரா? தீர்ப்பு எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன் என்கிறாரா? இல்லை, 'மக்கள் மன்றம்தான் எனக்கு நீதிமன்றம்' என்று வசனம் பேசுகிறாரா? அப்படிப் பேசினால் அங்கேயே நின்றுவிடுங்கள். இப்போதே நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாதவர் அதிகாரம் வந்த பிறகு கட்டுப்படப் போவதில்லை. தேர்தலில் தோற்றால் ஒத்துக்கொள்வாரா என்பதையும் இதோடு சேர்த்தே பாருங்கள்.

இரண்டாவது கேள்வி நிருபர்கள் சம்பந்தப்பட்டது. கேள்வி கேட்டால் சீறுவது அநாகரிகம், அவ்வளவுதான். சில நேரம் கேள்வி கேட்பவர்களும் நியாயமாக நடந்துகொள்வதில்லை. ஆனால் 'ஆட்சிக்கு வந்ததும் இவர்களுக்குப் பாடம் புகட்டுவேன்' என்றோ, 'உரிமத்தைப் பிடுங்குவேன்' என்றோ சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். அவருடைய தேர்தல் அறிக்கையை வாங்கி, பத்திரிகை, நீதித்துறை என்று வரும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். வாடகையைப் பற்றிய பக்கத்தை எல்லோரும் படித்துவிடுவார்கள். இதைப் படிப்பவர்கள் குறைவு.

உங்கள் மகளின் கோபத்தை ஒதுக்கித் தள்ள வேண்டாம். ஒரு பெண்ணை மேடையில் கேவலப்படுத்தியவருக்கு அம்மா ஓட்டுப் போடுவதா என்று அவளுக்கு வலிக்கிறது. அவள் கேட்பது நியாயம். யாரை இழிவாகப் பேசினால் தன் கூட்டம் கைதட்டும் என்று ஒரு தலைவர் கண்டுபிடித்துவிட்டால், அங்கிருந்து அவர் எங்கே போவார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டாம் வாட்சன், நான் மேலே சொன்ன அதே மக்கள் கட்சிக்காரர், ஆரம்பத்தில் கறுப்பின விவசாயியும் வெள்ளை விவசாயியும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று பேசினார். பின்னாளில் கறுப்பினத்தவர் மேலும் யூதர்கள் மேலும் விஷம் கக்கும் எழுத்தாளராக மாறிப்போனார். 1920-ல் அந்த விஷத்தோடுதான் செனட்டுக்கும் தேர்வானார். எனவே உங்கள் வேட்பாளர் அந்தப் பேச்சுக்குப் பிறகு என்ன செய்தார் என்று மகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். வருத்தம் தெரிவித்தாரா, மறுபடி பேசினாரா, 'மக்கள்' என்று சொல்லும்போது யாரை விட்டுவிடுகிறார்? ஒரு முறை வாய் தவறியது வேறு, அதையே வழக்கமாக வைத்துக்கொள்வது வேறு. வழக்கம் என்று தெரிந்தால் மகள் பக்கம்தான் நானும் நிற்பேன்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. எல்லாக் கொள்ளியும் சுடும், ஆனால் ஒரே மாதிரி சுடுவதில்லை. 1991-ல் அதே லூசியானாவில் கவர்னர் தேர்தலின் கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எட்வின் எட்வர்ட்ஸ், ஊழல் பேர் வாங்கிய பழைய கவர்னர். இன்னொருவர் டேவிட் டியூக், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர். வெள்ளை வாக்காளர்களின் மனக்குறைகளைப் பேசிப் பேசியே அந்தச் சுற்று வரை வந்தவர். 'திருடனுக்கே ஓட்டுப் போடுங்கள், இது முக்கியம்' என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஜனங்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். எட்வர்ட்ஸ் சுமார் 61 சதவீத ஓட்டு வாங்கினார். பிறகு 2000-ல் நீதிமன்றம் எட்வர்ட்ஸைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அவர் சிறைக்கும் போனார். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். தண்டிக்க வேண்டியதை நீதிமன்றம் தண்டித்தது. அன்றைக்கு எல்லோரும் வெறுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தால் டியூக் ஜெயித்திருக்கவும் கூடும்.

இன்னொன்று, இது ஜெயித்த பிறகு. தாய்லாந்தில் தக்சின் 2001-ல் பிரதமர் பதவிக்கு வந்து, 30 பாட் (அந்த நாட்டுப் பணம்) கொடுத்தால் சிகிச்சை என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழைகளுக்கு அது பெரிய வரம். 2003-ல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் சில மாதங்களுக்குள் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 2005 தேர்தலில் அவர் கட்சிக்கு 500-ல் 375 இடம் கிடைத்தது. சிகிச்சை கிடைத்த குடும்பம் நன்றியோடு ஓட்டுப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கொலைகளைப் பற்றி அவர் ஆதரவாளர்களே எழுந்து உரக்கக் கேட்டிருந்தால் அவரால் தட்டிக்கழித்திருக்க முடியாது என்பதுதான் என் ஆதங்கம். எதிரி கேட்டால் 'அரசியல்' என்று ஒதுக்கிவிடலாம். ஓட்டுப் போட்டவர்கள் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் உங்கள் வேட்பாளருக்குப் போட்டால், நாளைக்கு அவர் தப்புச் செய்யும்போது முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள். அவருக்காக அக்கம்பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மூன்று வாரம் தாராளமான நேரம். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். வழக்கைப் பற்றி நீங்கள் கேளுங்கள், அந்தப் பேச்சைப் பற்றி அவள் கேட்கட்டும். மேடைக்கு அருகே விடவில்லை என்றால் இரண்டு கேள்வியையும் எழுதி அவருடைய தேர்தல் அலுவலகத்தில் கொடுத்து, பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பதில் வந்தால் அதைக் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள். வராமலே போனால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.