வாக்கிங் நண்பர் சொன்னதைக் கேட்டு அப்பா ஃப்ளூ ஊசி வேண்டாம் என்கிறார்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. டாக்டர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆனால் கூட வாக்கிங் போகிற ஒருவர் "ஊசி போட்ட பிறகுதான் எனக்குக் காய்ச்சலே வந்தது" என்றாராம், அன்றிலிருந்து வேண்டவே வேண்டாம் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: முதலில், அவருக்குக் கட்டுரைகளாக ஃபார்வர்ட் செய்வதை நிறுத்துங்கள். தினமும் காலையில் கூட நடக்கிறவர் சொல்வதற்கு முன்னால் அதெல்லாம் எடுபடாது. ஊசி போட்டு ஒன்றும் ஆகாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பேச என்ன இருக்கிறது? காய்ச்சல் வந்தவர்தான் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார், கேட்கிறவர்களுக்கு ஊசி போட்ட எல்லோருக்குமே அப்படித்தான் ஆகிறது என்று தோன்றிவிடும். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தமிழ்நாட்டில் பல பெற்றோர் பின்வாங்கியதும் இப்படித்தான்.

அதனால் அதே வாக்கிங் கூட்டத்தில், இல்லையென்றால் சொந்தத்தில், சத்தமில்லாமல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்பா வயதுக்காரர், சர்க்கரையும் உள்ளவர் என்றால் ரொம்ப நல்லது. அவரே அப்பாவிடம் பேசட்டும்.

அந்த நண்பரைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள், அப்பா இன்னும் முறுக்கிக்கொள்வார். கை வலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வரக்கூடியவைதான். ஆனால் இங்கே போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அதனால் ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வேறு ஏதாவது சளிக்காய்ச்சல் பிடித்தால் பழி ஊசி மேல்தான் விழும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "இனிமேல் காய்ச்சலே வராது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், வந்தால் அடுத்த கதை உங்கள் வீட்டிலிருந்தே கிளம்பும். ஃப்ளூ முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கும் ஆபத்து குறையும், அதைச் சொன்னால் போதும்.

அப்புறம், "எப்போ போகலாம்ப்பா?" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் நாளும் நேரமும் நீங்களே குறித்துவிட்டுச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களில் ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசிக்கான நேரத்தை முன்பே குறித்து, வேண்டாமென்றால் மாற்றலாம் என்றார்கள். 45 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். நீங்களே நேரம் குறித்துக்கொள்ளுங்கள் என்று விட்ட மறுபாதியில் 33 சதவீதம்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில் போட்டுவிடுவது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.